பேய்க்கு வீடு பிடிக்கிறவன்

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பேய்ப் படங்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பது என் தொழில். வாடகை வீடு தேடிச் செருப்புத் தேய்ந்தவர்களே, என் பிழைப்பு உங்களுக்குத்தான் புரியும்.

வவ்வாலுக்கு மவுசு இல்லை

சென்னையிலிருந்து ஒரு இளம் டைரக்டர் வந்தார். வாழப்பாடி தாண்டி, நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த பாழடைந்த பங்களாவைக் காட்டினேன். ஒட்டடை, உடைந்த படிக்கட்டு, வவ்வால் என்று எல்லாம் தயார். மனுஷர் காரை விட்டே இறங்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"அண்ணே, இப்ப எல்லாரும் வீட்டுல உட்கார்ந்து போன்லதான் படம் பாக்குறாங்க. அவங்க வீட்டு ஃபிரிட்ஜ் தானா திறந்தாதான் பயப்படுவாங்க. வவ்வாலுக்கு எவன் பயப்படுறான்?"

ஒரே ஒரு நிபந்தனை

சரி, சாதாரண வீடாகத் தேடினேன். பேய்ப் படம் என்றதும் கதவைச் சாத்தியவர்கள் எத்தனையோ பேர். கடைசியில் திருச்செங்கோடு பக்கம் தனலட்சுமி என்பவர் காது கொடுத்துக் கேட்டார். லாரி டிரைவரான கணவர் போன வருஷம் விபத்தில் இறந்துவிட்டார். வீட்டில் தனலட்சுமியும் ஏழு வயது மகள் யாழினியும்தான். படத்திலும் செத்துப்போன புருஷன்தான் பேய். அதை மறைக்க மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன். அவர் மகள் காதில் விழாதபடி கதவை ஒருக்களித்துவிட்டு வந்தார்.

"எடுத்துக்கோங்க. ஆனா எம்புள்ள கண்ணுல ஒண்ணும் படக்கூடாதுங்க. நாளைக்கும் அது இந்த ஊட்டுலதான பயமில்லாம இருக்கோணும்?"

படையல்

செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து, வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போமே, அதுதான் அன்றைய காட்சி. கதவு திறந்ததும் பேய் மனைவியின் முடியைப் பிடித்து இழுக்க வேண்டும். யாழினி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அன்று அரை நாள்தான் என்பதை விசாரிக்காமல் விட்டது என் தப்பு.

மத்தியானம் யூனிட் முழுக்க வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பேய் வேஷத்தோடு வெளியே வந்தால் தெருவே கூடிவிடும் என்று நடிகரை மட்டும் உள்ளேயே சாப்பிடச் சொல்லியிருந்தோம். அவர் படையல் இலை முன்னாலேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டார். பின்பக்கமாக வந்த குழந்தை படையல் வைத்திருந்த அறையின் கதவைத் திறந்துவிட்டது. கதவுச் சத்தம் கேட்டுத் தனலட்சுமி பதறி ஓட, நானும் பின்னாலேயே ஓடினேன். முகமெல்லாம் ரத்தமும் வெள்ளைப் பவுடருமாகக் கையில் சோற்றோடு அவர் விழிக்கிறார். யாழினி அலறவில்லை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்புடுங்க மாமா. போன மாசம் எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் வெச்சோமுங்க. அவருதான் வரவே இல்லீங்க."

முடியை விட்ட பேய்

அதற்கப்புறம் முடியைப் பிடிக்க மாட்டேன் என்றுவிட்டார் நடிகர். டைரக்டரும் வற்புறுத்தவில்லை. படத்தில் இப்போது பேய் வருகிறது, சாப்பிடுகிறது, போகிறது. தயாரிப்பாளர் போனில் கத்தியதை இங்கே எழுத முடியாது. நாலு நாள் கழித்து, எங்களிடம் இருந்த மாற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். குழந்தை பயப்படுகிறாளா என்று தனலட்சுமியிடம் கேட்டேன்.

"பயமெல்லாம் இல்லீங்க. ஸ்கூல் உட்டு வந்தா அந்தக் கதவத் தட்டிப்போட்டுத்தான் தொறக்குது. அப்பா சாப்புட்டுக்கிட்டு இருந்தாத் தொந்தரவாமா."

பேய்ப் படம் இனி எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அடுத்து வருகிற டைரக்டருக்கு நல்ல சமையலறை உள்ள வீடாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.