பல நிறத்துச் சோறு

சாரல் காலத்தில் மேலகரத்தில் வெயிலும் மழையும் ஒன்றாகவே விழும்... அடுப்படி முழுக்க ஈர விறகின் புகை. அதற்குள் அம்மாவின் கை மட்டும் இன்னும் எனக்குத் தெரிகிறது. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஒரு நொடி கண்மூடி நின்று, தகர டப்பாவில் போடுவாள்.

பிடியரிசி. உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஐம்பதுகளின் நடுவில் எங்கள் கிறிஸ்தவ சபையில் எல்லா வீட்டிலும் அந்த டப்பா உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரே சாக்கில் கொட்டுவார்கள். இல்லாத வீடுகளுக்கு அதிலிருந்து போகும்.

எங்கள் தெருவில் கிருபை அக்கா வீட்டுக்கும் போனது. அவள் புருஷன் கொழும்புக்குப் போய்த் தகவலே இல்லை. ஒரு ஞாயிறு அம்மாவோடு நானும் போனேன். அக்கா அரிசிப் பையை வாங்கவில்லை.

"வேண்டாங்க்கா. பச்சரிசி, புழுங்கல், சிவப்பரிசின்னு எல்லாம் கலந்து கிடக்கு. பிள்ளை தூக்குச்சட்டியத் தொறந்தா, 'ஏட்டி, கோயில் சோறு'ன்னு சிரிக்காளுவளாம். இனி பள்ளிக்கூடம் போமாட்டேன்னு அழுவுதா."

அம்மா பையோடு வீட்டுக்குத் திரும்பினாள். அந்த அரிசியை எங்கள் பானையில் கொட்டிவிட்டு, எங்கள் வயல் அரிசியைப் பையில் அளந்து போட்டாள். மறுபடியும் சாரலில் நடந்தோம்.

"எக்கா, அப்ப நீங்க?"

"சும்மா இரிட்டி. எங்க வீட்டு மனுசன் எதைப் போட்டாலும் திம்பாரு."

மத்தியானம் அப்பா தட்டைப் பார்த்தார்.

"என்னட்டி, சபை மொத்தமும் நம்ம தட்டுல வந்து உக்காந்திருக்கு?"

"சட்டுனு ஜெபம் பண்ணுங்க. எல்லாரும் காத்திருக்காவல்லா!"

மறுநாள் கிருபை அக்கா மகள் பள்ளிக்கூடம் வந்தாள். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அவள் தூக்குச்சட்டியில் ஒரே வெள்ளை. என்னுடையதில் பல நிறம்... யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு வயல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அன்று அது எனக்குப் புரியவில்லை. அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாராவாரம் அந்த மாற்றல் நடந்தது. சபையில் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது நான் இருக்கும் ஊரில், பண்டிகைக்கு மேடை போட்டு இல்லாதவர்களுக்குச் சேலை கொடுக்கிறார்கள். நல்ல சேலைதான், குறை சொல்லக்கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எல்லோரும் கைதட்டுகிறோம். போன தடவை ஒரு பெண் சேலையை வாங்கிவிட்டு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்...

கைதட்டுவதை நிறுத்தினேன். அவள் எந்தத் தெரு என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன்.