தயிருக்குள் ஒரு நீல லைட்

ஆய்வுகூடத்தில் நான் வளர்ப்பவை பக்டீரியாக்கள். மரபணுவில் கைவைத்து மாற்றியவை. குடலில் அழற்சி இருந்தால் அதை உணர்ந்து நீலமாகிக் காட்டும். இன்னும் கண்ணாடித் தட்டைத் தாண்டவில்லை. மனிதருக்குக் கொடுக்கும் பேச்சே இல்லை. இதை ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் சொல்லித் தொலைத்தேன்.

அப்பாவுக்கு அப்போது சில வாரங்களாக மலத்தோடு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியும் மனுஷன் அசையவில்லை. “அது மூலம். சூட்டுக்கு வாறது. கண்டறியாத குழாயெல்லாம் எனக்கு விட ஏலா.” கல்முனை ரூட்டில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். கெஞ்சினேன், கத்தினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன்.

நீலக் கதையைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“எஞ்சின் பழுதெண்டா பஸ்ஸில லைட் பத்துற மாதிரி! அதுல கொஞ்சம் தயிர்ல கலந்து கொண்டு வா புள்ள.”

“அப்பா, அத வெளிய கொண்டு வர ஏலா. கொண்டு வந்தா என்ட வேல போயிரும்.”

“ஓம் ஓம்” என்று கண்ணடித்தார்.

அந்தக் கண்ணடிப்பு பிறகுதான் விளங்கியது. வெள்ளிக்கிழமைகளில் நாவற்குடாவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கி வருவேன். அதற்குள் என் பக்டீரியா இருக்கிறது என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். நான் இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணப் பண்ண, “பாவம், வெளிய சொல்ல ஏலாதுதானே” என்று அம்மாவிடம் எனக்காக இரக்கப்பட்டார். காலையில் கழிவறையிலிருந்து வந்து, “நீலம் இல்ல. எஞ்சின் நல்லாயிருக்கு” என்று அறிவிப்பு வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு என் மகளின் பிறந்தநாள் வந்தது. அவளுக்குக் கேக்கில் கடல் வேண்டுமாம். மேலே முழுக்கக் கடும் நீல ஐசிங். பிள்ளைகள் வழித்து ஒதுக்கியதையும் அப்பாவே தின்று முடித்தார்.

அடுத்த நாள் விடியவே கழிவறையிலிருந்து ஓர் அலறல். “புள்ள! பத்திட்டு! லைட் பத்திட்டு!” ஓடிப்போனால், சாரத்தைப் பிடித்தபடி வியர்த்து நிற்கிறார். அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து மிச்சக் கேக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெல்லக் கதவைச் சாத்திவிட்டு, “கெதியாச் சேட்டப் போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்” என்றார். ஐசிங்கைப் பற்றி நானும் வாயே திறக்கவில்லை. “லைட் பத்தினா மறுகா ஓட்ட ஏலா” என்று அப்பாவே முன்னால் நடந்தார்.

கமராவில் ஒரு சதைமுளை அகப்பட்டது, வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் அதுவாக மாறியிருக்கக்கூடும் என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. தயிரில் ஒன்றுமில்லை, நீலம் ஐசிங்தான் என்று எல்லாவற்றையும் போட்டுடைத்தேன்.

“ரத்தம் போச்சே, அது சிவப்பு லைட் இல்லையா அப்பா? அதுக்கு நிப்பாட்டாம, கேக்குக்கு நிப்பாட்டினீங்களே! நான் எவ்வளவு பயந்தன் தெரியுமா?” சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அப்பா மேசையிலிருந்த தயிர்ச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எனக்கும் பயந்தான் புள்ள. சிவப்பு என்ன சொல்லுமெண்டு தெரியும், அதாலதான் பாக்கல்ல. நீலம் நீ போட்ட லைட். என்ன வந்தாலும் நீ பக்கத்தில நிப்பாய் எண்டு நினைச்சுத்தான் போனன்.”