மச்சினனின் எடைக்கு வெல்லம்

அந்தத் தராசு என்னுடையது. என் கரும்புக் கொட்டகையில் வெல்ல மூட்டை நிறுக்கிற பெரிய இரும்புத் தராசு. அன்றைக்கு அதைக் கழற்றி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் மண்டபத்தில் நானே மாட்டினேன். ஒரு தட்டில் என் மனைவியின் தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மறு தட்டில் இரண்டு மூட்டை வெல்லம். மூட்டைகள் தரையில் உட்கார்ந்துகொண்டன. மச்சினன் அந்தரத்தில் தொங்கினான். ஒரு மூட்டையை இறக்கினோம். அவன் இறங்கவில்லை. மற்றதையும் அவிழ்த்து உருண்டை உருண்டையாக எடுத்தோம். எடுக்க எடுக்க அவன் அங்கேயே கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான். சங்கிலி கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. சாக்கின் அடி தெரிய ஆரம்பித்த பிறகுதான் அவன் தட்டு மெல்ல அசைந்தது.

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அடுத்தவன் கரும்பை வெட்டித்தான் வயிறு வளர்த்தேன். இன்றைக்கு குடிபாலாவிலிருந்து சித்தூர் மண்டி வரைக்கும் என் வெல்லம் என்றால் முகர்ந்துகூடப் பார்க்காமல் எடுப்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் சாயங்காலம் வரை பாகு காய்ச்சும் கொப்பரை முன்னால் நிற்பேன். இந்த வயசிலும் எனக்குத் தலை சுற்றியதில்லை. மச்சினன் அப்படிப்பட்ட உடம்பில்லை. சின்னதிலிருந்தே குச்சி. அதிலும் போன வருஷம் வந்த விஷக்காய்ச்சல் இருந்த கொஞ்சம் சதையையும் உருவிக்கொண்டு போய்விட்டது. தம்பி பிழைத்தால் அவன் எடைக்கு வெல்லம் கொடுக்கிறேன் என்று என் மனைவி பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். பிழைத்தான். பிழைத்தவன், தன் பங்குக்குச் சனிக்கிழமை விரதம் என்று ஆரம்பித்தான். அது புதனுக்கும் வியாழனுக்கும் பரவியது. தராசில் உட்கார்ந்த சமயம், அவன் சாப்பிடுகிற நாளைத்தான் தேட வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் அவன் பக்கத்தில் உட்காரவே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். வெயில் கொளுத்தும்போதும் அவன் கை, பாம்பைத் தொட்டது போல் சில்லென்றிருக்கும். வாய் திறந்தால் அழுகப்போகிற வாழைப்பழ வாசனை. நடந்து வந்தால் காலடிச் சத்தம் கேட்காது. திரும்பினால் பின்னால் நிற்பான். பசிக்கவில்லையா என்று ஒரு நாள் கேட்டேன். நிதானமாகச் சொன்னான்.

"பசி வர்றதேயில்ல மாமா. உள்ள எவனோ உக்காந்துகினு துன்னுகினு இருக்கற மாதிரி கீது."

நான் எழுந்து போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆனால் ஊர் வேறு விதமாகப் பார்த்தது. அவன் பாரத்தைப் பெருமாளே வாங்கிக்கொண்டார், அதனால்தான் தட்டு இறங்கவில்லை என்றார்கள். யாரோ எடுத்த வீடியோ செல்போனுக்குச் செல்போன் போய், நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கற்பூரம் கொளுத்தி அவன் காலைத் தொட்டார்கள். "சாமி கால் ஐஸ் மாரி கீதுபா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பரவசப்பட்டார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது அவன் எப்படிச் சாப்பிடுவான்? விரதம் இன்னும் இறுகியது.

ஒரு நண்பகல், கும்பிட வந்தவர்கள் எதிரிலேயே அவன் பேச்சு குழறியது. உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. சொந்த அக்காவைப் பார்த்து வீட்டில் பேசாத தெலுங்கில் யார் என்று கேட்டான். அப்படியே சாய்ந்தான். சாமி வந்திருக்கிறது, தொடாதீர்கள் என்று கூட்டம் தடுத்தது. நான் ஒருத்தனாக அவனைத் தோளில் தூக்கிக் காரில் போட்டேன். தூக்கியது ஆளையா, மடித்த வேட்டியையா என்று தெரியவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் நரம்பில் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றியதும் கண் விழித்தான். டாக்டரம்மா தெலுங்கில் எனக்கு விளக்கினார். பட்டினி கிடந்தால் முதலில் ஈரலில் இருக்கிற சர்க்கரை தீரும். அப்புறம் உடம்பு கொழுப்பை எரிக்கும். மூளைக்கு வேண்டிய சர்க்கரைக்குச் சதையையும் கரைக்கும். என்னைப் போல் சதை உள்ளவன் ஒரு நாள் தாங்குவான். இவனிடம் கரைக்கவே சதை இல்லை, அதனால் சர்க்கரை சட்டென்று விழுகிறது. சூடு உண்டாக்குவதும் சதைதான், அதனால்தான் சில்லிட்டுப் போகிறான். அந்த வாசனையும் கொழுப்பு எரிகிற வாசனையாம். எனக்கு உடனே விளங்கியது. ஒரு மழைக்காலத்தில் அடுப்பெரிக்கிற கரும்புச் சக்கை எல்லாம் நனைந்துவிட, கொப்பரையில் பாகு நிற்க, அடுப்பு அணையாமலிருக்கக் கொட்டகையின் மூங்கிலையே பிடுங்கி எரித்திருக்கிறோம். இன்னொரு தரம் இப்படிப் பட்டினி கிடந்தால் ஆள் தங்கமாட்டான், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தவன் எதிரில் தட்டை வைத்தால் சுவரைப் பார்த்தான். "சாமி துன்னுதுன்னு சொல்லுவாங்க மாமா" என்றான். சனிக்கிழமை வந்தது. வாசலில் முன்னைவிடக் கூட்டம். செத்துப் பிழைத்து வந்த சாமி அல்லவா. அவனை நடுவில் உட்கார வைத்து மாலை போட்டார்கள்.

என் மனைவி பருப்புச் சோற்றுக் கிண்ணத்தோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். அவள் குரல் உயரவில்லை.

"டேய், உன் எடைக்கு வெல்லம் குடுக்கறேன்னுதான் வேண்டிக்கினேன். உன்னியே குடுக்கறேன்னு வேண்டிக்கல. வாயத் தொற."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அவன் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். அவள் ஒரு கை சோற்றை ஊட்டினாள். அவன் மெல்லுகிற சத்தம் அத்தனை பேருக்கும் கேட்டது. முன்வரிசையிலிருந்த ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்து, செருப்பைத் தேடிக்கொண்டே, கண்ணெதிரில் உயிர் போனவனைப் பார்ப்பது போல் அவனைப் பார்த்தார்கள்.

அவனோ, "இன்னொரு கை குடுக்கா" என்று கேட்டான்.