கப்பலேறிய மானம்

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். கப்பலக்காவுக்கு அது சரிப்படாது. கவிழ்ந்த கப்பல்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் உத்தியோகம். கன்னத்தில் கை வைத்தால்தான் அவளுக்குப் படிக்கவே வரும். துறைமுக அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கோடியில் இருக்கிற பதிவறையில், இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

வேலையில் சேர்ந்த அன்று, இடத்தைக் காலி செய்த குமாஸ்தா சாவிக்கொத்தை அவள் கையில் திணித்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "இங்க அவசரம்னு ஒண்ணும் கிடையாதும்மா. மூழ்க வேண்டியதெல்லாம் மூழ்கியாச்சு."

அந்தத் துறைமுகத்தின் வாய் அப்படிப்பட்டது. உள்ளே வருகிற வழியில் இரண்டு பாறைகள். எவன் பெயர் வைத்தானோ, ஒன்று மாமியார், இன்னொன்று மருமகள். மாமியார் எப்போதும் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். இரண்டு மைல் தூரத்திலேயே தெரிவாள். மருமகள் அடியில் இருப்பாள். நீர் நன்றாக வற்றுகிற நேரத்தில் மட்டும் உச்சந்தலை தெரியும். மாமியாருக்குப் பயந்து ஒதுங்கிய கப்பலெல்லாம் நேராகப் போய் மருமகள் மேல் மோதியது. நூற்று அறுபது வருஷத்தில் நாற்பத்தோரு கப்பல். அத்தனைக்கும் தனித்தனிக் கட்டு, தனித்தனி எண், சிவப்பு நாடா.

கப்பல்களின் நிஜப் பெயரெல்லாம் ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை. ஏற்றி வந்த சரக்கைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சோப்புக் கப்பல் உடைந்தபோது கரை பத்து நாள் நுரை தள்ளியதாம். குடைக் கப்பலுக்கு அப்புறம் ஆறு வருஷம் ஊரில் ஒரு குடை விற்கவில்லை. கண்ணாடிக் கப்பல் முகம் பார்க்கும் கண்ணாடிகளோடு வந்தது. உடையாமல் கரை ஒதுங்கியவை இன்னும் வீட்டுக்கு வீடு தொங்குகின்றன. உப்புத் தண்ணீர் ரசத்தைத் தின்றுவிட்டதால் அதில் யார் பார்த்தாலும் அம்மை போட்ட முகம்தான்.

இத்தனைக்கும் கப்பலக்கா படகில் ஏறியதே இல்லை. கட்டிப்போட்ட படகைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும். ஆனால் தாளில் இருக்கிற கப்பலில் ஒரு தப்பு இருந்தால் விடமாட்டாள். தாளில் என்ன, எதில் இருந்தாலும் விடமாட்டாள். கல்யாணப் பத்திரிகையில் தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தவில்லை என்று மணமகன் வீட்டுக்கே ஆள் அனுப்பித் திருத்தியவள். அது அவளுடைய கல்யாணம்.

அந்த மணமகன் துறைமுகத்து பைலட். வருகிற கப்பலில் ஏறி, மாமியார் மருமகள் நடுவே வழி சொல்லி உள்ளே கூட்டி வருகிற வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கப்பலிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஸ்கூட்டரைப் பின்னால் எடுக்கும்போது மட்டும் வாரத்துக்கு ஒருமுறை வீட்டு கேட்டில் இடிப்பார். அவருடைய தாத்தாவும் பைலட். கூடத்தில் அவர் படம் முறுக்கிய மீசையோடு தொங்கியது. எழுபது வருஷத்துக்கு முன்னால் கண்ணாடிக் கப்பல் மருமகள் மேல் மோதியபோது, பனைமர உயர அலையில் நீந்தி, பதினோரு பேரை ஒருவர் பின் ஒருவராகத் தோளில் சுமந்து கரை சேர்த்த மகான் அவர் என்பது குடும்பத்தின் சொத்து. அந்தச் சொத்துக்குக் காவல் அவருடைய மருமகள், அதாவது கப்பலக்காவின் மாமியார்.

மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. கண் மங்கல், காது மட்டும் அடுத்த தெருவரை கேட்கும். வீட்டில் சண்டை என்று பெரிதாகக் கிடையாது. ஒருநாள் கப்பலக்கா வாய் தவறி, "நாற்பத்தொண்ணுல மாமியார் மேல மோதினது ஒம்பது, மருமகள் மேல இருபத்தேழு, மணல் திட்டுல அஞ்சு" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கிழவி, பால் பொங்கி வழிந்தால்கூட, "இருபத்தெட்டு" என்பாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது அலுவலகத்துக்குப் புதிய அதிகாரி வந்தார். எதையும் ஒரு வரியில் கேட்கிறவர். துறைமுகச் சுவரில் ஒரு பெரிய கல் பதிக்க வேண்டும், அதில் நாற்பத்தோரு கப்பலும் இடம்பெற வேண்டும் என்று கிளம்பினார்.

"ஒரு கப்பலுக்கு ஒரு வரி. மூணு வாரத்துல குடுங்கம்மா" என்றார் கப்பலக்காவிடம். "திறக்கறதுக்கு உங்க வீட்டுக்காரரையே கூப்பிடலாம். பதினோரு பேரைக் காப்பாத்தினவரோட பேரன் இல்லையா?"

செய்தி வீட்டுக்குப் போனதுதான் தாமதம். மாமியார் ஒன்றுவிட்ட உறவு, இரண்டுவிட்ட உறவு எல்லோருக்கும் போன் போட்டாள். பைலட் பேச்சு எழுதி, அம்மை போட்ட கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். "பொங்கி எழுந்த அந்த அலைகளின் நடுவே" என்கிற இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும். முதல் நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தது.

கப்பலக்கா கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ஒரு வரி எழுதுவதற்கு நூறு பக்கம் படிக்கிற ஜாதி அவள். இரண்டாம் வாரம், குடைக் கப்பல் கட்டுக்குள்ளே, அதற்குச் சம்பந்தமே இல்லாத நாலு தாள் கிடைத்தது. யாரோ அவசரத்தில் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்தாள். கண்ணாடிக் கப்பலின் கேப்டன் விசாரணையில் கொடுத்த வாக்குமூலம்.

"பைலட்டை மேலே வரும்படி மூன்று முறை அழைக்க வேண்டியிருந்தது. முதல் முறை, சூப் சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்றார். இரண்டாம் முறை இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்டார். மூன்றாம் முறை நான் அழைக்கவில்லை. பாறை அழைத்தது.

"பைலட் தட்டோடு மேலே வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, பயப்பட வேண்டாம், இந்த நேரத்தில் இங்கிருந்து கரைவரை மணல் திட்டு, இடுப்பளவுதான் என்று சொல்லி, இறங்கி நின்று காட்டினார். இடுப்பளவுதான் இருந்தது. நாங்கள் பத்துப் பேர் அவர் பின்னாலேயே நடந்து கரைக்குப் போனோம். சமையல்காரருக்குத் தண்ணீர் என்றால் பயம். அவரை மட்டும் பைலட் தோளில் தூக்கிக்கொண்டார். சூப் பானையை விட்டு வரமாட்டேன் என்று சமையல்காரர் அடம் பிடித்ததால் பானையும் வந்தது. நியாயமாகச் சொல்வதென்றால், சமையல்காரர் கனமான மனிதர்."

கப்பலக்கா சிரித்த சிரிப்பில், வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்த பியூன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். சிரித்து முடித்ததும்தான் கூடத்துப் படமும், போன் போட்ட உறவும், தழுதழுக்கிற குரலும் ஞாபகம் வந்தன. கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

அன்று சாயங்காலம் தாள்களின் நகலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பைலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு நிமிஷம் இத பாருங்க."

"இரு, ஒரு வாய்."

"முக்கியமான விஷயங்க."

"சாப்பிடறப்ப என்ன முக்கியம்? இன்னும் கொஞ்சம் போடு."

கப்பலக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு போட்டாள். அவர் கை கழுவி வந்து படித்தார். முதல் பக்கம் முடிவதற்குள் முகம் கறுத்தது.

"இந்த கேப்டன் பொறாமையில எழுதியிருக்கான்."

"எதுக்குப் பொறாமை? சூப்புக்கா?"

"நீ சிரிக்காதே. எழுபது வருஷம் குடைக் கப்பல்லதான இருந்துச்சு? நல்லாத்தான இருந்துச்சு? அங்கேயே வச்சிடு."

"அது குடைக் கப்பலோட காகிதம் இல்லைங்க."

"ஊர் சிரிக்கும்டி!"

"தப்புன்னு தெரிஞ்சும் கல்லுல எழுதச் சொல்றீங்களா? தாளா இருந்தாலாவது அடிச்சுத் திருத்தலாம்."

கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரின் காதுக்கு இது போதும். கம்பை ஊன்றிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள்.

"குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டியே!"

"அது கப்பலேறி எழுபது வருஷம் ஆச்சு அத்தை" என்று கப்பலக்கா சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். வாய் முந்திக்கொண்டது.

மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை. மாமியாருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் மகனிடம் சொல்வாள். மகன் வேலைக்குப் போயிருந்தால் சுவரிடம் சொல்வாள். சுவர் கொண்டுவந்து கொடுக்காது, கப்பலக்கா கொடுப்பாள். "வச்சிட்டுப் போகச் சொல்லு" என்று சுவருக்கு உத்தரவாகும். இரண்டு பேருக்கும் நடுவே பைலட் வளைந்து வளைந்து போனார், தொழிலில்கூட அப்படிப் போயிருக்கமாட்டார்.

நான்காம் நாள் காலையில் கிழவிக்குப் பொறுக்கவில்லை.

"அதுல அப்படி என்னதான் எழுதியிருக்கு? படி."

கப்பலக்கா தரையில் உட்கார்ந்து படித்தாள். சூப் ஆறட்டும் என்ற இடத்தில் கிழவியின் முகம் லேசாக அசைந்தது. இன்னும் கொஞ்சம் ரொட்டி என்ற இடத்தில் அவள் கையை உயர்த்தினாள்.

"நிறுத்து. திரும்பப் படி."

திரும்பப் படித்தாள். கிழவியின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கப்பலக்கா பயந்து நிமிர்ந்தாள். பல் இல்லாத வாய் முழுக்கச் சிரிப்பு.

"இது அவரேதான்! கையெழுத்தே வேண்டாம். பன்னெண்டு வருஷம் பரிமாறியிருக்கேன்டி நான். உக்காந்துட்டா இடியே விழுந்தாலும் எழுந்திரிக்கமாட்டாரு. ஒருதரம் பக்கத்து வீடு பத்தி எரியுது. 'இதோ மோர் ஊத்திட்டு வந்துடறேன்'னு சொன்ன மனுஷன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"யாராவது இவர் பெருமைய ஆரம்பிச்சா எழுந்து கொல்லைப்பக்கம் போயிடுவாரு. என்கிட்டயே ஒருநாள் சொன்னாரு. 'ஒருத்தனைத்தாம்மா தூக்கினேன், அவனும் சரியான குண்டன்'னு. தன்னடக்கம்னு நெனச்சுக்கிட்டேன். ஊர் பூரா அப்படித்தான் நெனச்சுது. பாவம், உண்மையச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்காரு. ஒருத்தரும் நம்பலை."

அதற்குமேல் மாமியாரைப் பிடிக்க ஆளில்லை. உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாள். கப்பலக்கா எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அதிகாரி நெற்றியைத் தேய்த்தார்.

"கல்லுல யாராவது சாப்பாட்டை எழுதுவாங்களாம்மா? பைலட் கவனக்குறைவுன்னு போட்டுட்டு முடிங்க."

"அது சரியா வராது சார்."

"வரும். போங்க."

மறுநாள் பத்து மணிக்கு, இரண்டு மாடி ஏறி, நடுவில் நாலு தடவை உட்கார்ந்து, மாமியார் அதிகாரியின் அறைக்கே வந்து சேர்ந்தாள். அவர் எழுந்து நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"ஏன் சார், கவனமில்லைன்னு எழுதுவீங்களா? அவரு கவனம் பூரா சாப்பாட்டுல இருந்துச்சு. அத எழுதுங்க. அந்தக் குண்டனத் தூக்கினாரே, அதையும் எழுதுங்க. தூக்கினது உங்களுக்குச் சின்ன விஷயமா? ஒரு மூட்டை அரிசியத் தூக்கிட்டு ரெண்டாவது மாடி ஏறிட்டு வந்து என்கிட்ட பேசுங்க."

அதிகாரி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். கடல் உதவிக்கு வரவில்லை. கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லைத் திறந்தார்கள். உறவுக்கூட்டம் முன்வரிசையில். பைலட் மேடை ஏறினார். பத்து நாளாகக் கல்லுக்கு எழுதிய புது வரியைச் சொல்லி ஜீரணம் செய்திருந்தாலும், வாய் பழகிய பேச்சையே ஆரம்பித்தது. "பொங்கி எழுந்த அந்த அலைகளின் நடுவே" என்று சொல்லிக் குரல் தழுதழுத்தும் விட்டது. பின்னால் கல்லில் பதினேழாவது வரி எல்லோருக்கும் தெரிந்தது: "கண்ணாடிக் கப்பல். பைலட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்துப் பேர் நடந்து கரை சேர்ந்தனர். ஒருவரை அவர் தூக்கி வந்தார்."

முன்வரிசையில் ஒருவர் சத்தமாகப் படித்தார். கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. பைலட் திரும்பிக் கல்லைப் பார்த்தார், கையில் இருந்த பேச்சைப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அலை இடுப்பளவுதான் இருந்துச்சுங்க" என்றார். "எங்க தாத்தா நல்லா சாப்பிடுவாரு. நல்லாத் தூக்குவாரு. அவ்வளவுதான்."

அன்று கிடைத்த கைதட்டல் எந்த மகானுக்கும் கிடைத்திருக்காது. அடுத்த வாரமே கப்பல்களில் கேலி ஆரம்பித்துவிட்டது. ஏணியில் ஏறி மேல்தட்டில் கால் வைத்ததும் கேப்டன்கள், "பைலட் சார், முதல்ல சாப்பாடா, பாறையா?" என்று கேட்டார்கள். முதல் மாதம் அவருக்குச் சுருக்கென்றது. இரண்டாம் மாதத்திலிருந்து, "என்ன சாப்பாடுன்னு சொல்லுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டார்.

திறப்புவிழா முடிந்து உறவெல்லாம் வீட்டுக்கு வந்தது. கூடத்தில் மாமியார் நடுநாயகமாக உட்கார்ந்து கதையைச் சொன்னாள். கப்பலக்கா உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டாள். முதல் தடவை எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் தடவை சமையல்காரரின் எடை கூடியது. தாமதமாக வந்தவர்களுக்காக மூன்றாம் தடவை சொன்னபோது, ஒரு தோளில் சமையல்காரர், இன்னொரு தோளில் அவருடைய தம்பி, தலையில் பானை.

கப்பலக்காவால் விட முடியவில்லை. டம்ளரை வைத்துவிட்டு வாசற்படிக்கு வந்தாள்.

"ஒருத்தர்தான் அத்தை. தம்பியெல்லாம் கிடையாது."

"நீ ஆபீசுல எழுது" என்றாள் மாமியார், திரும்பாமலே. "இங்க நான் சொல்லிக்கிறேன். காப்பி எங்க?"