தெளிவு உண்டோ?

இங்கே வந்த புதிதில், முகவரி மாற்றுவதற்காக ஓர் அலுவலகத்தில் போய் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தெளிவு எவிடே?" என்றார். நான் பேசியது அவருக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, என் பெயர், கணவர் பெயர், வீட்டுப் பெயர் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "அதல்ல. தெளிவு, தெளிவு!" என்று அவர் குரலை உயர்த்தினார். நானும் குரலை உயர்த்தி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பின்னால் நின்ற ஓர் அம்மாதான் என் தோளைத் தொட்டு, "மக்கா, அவரு ஆதாரமாக்கும் கேக்காரு. கரண்டு பில்லு வல்லதும் கையில உண்டா?" என்றார். மலையாளத்தில் தெளிவு என்றால் ஆதாரம். அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இப்போது அந்தச் சொல் காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புலம்பெயர்ந்தவள் என்று நான் சொன்னால் உங்களில் சிலர் சிரிக்கலாம். நான் விமானம் ஏறவில்லை. கோவில்பட்டியில் பஸ் ஏறி, நாகர்கோவிலில் மாறி, களியக்காவிளையில் கேரள எல்லையைத் தாண்டினேன். கூடவே ஜெயசிங் இருந்தார். சாதியும் வேறு, சாமியும் வேறு என்பதால் எங்கள் வீட்டில் சம்மதம் கேட்கும் பேச்சே எழவில்லை. பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இவர்கள் வீடு. இவர்கள் வீட்டில் பேசுவது தமிழ். ஜெபம் செய்வது தமிழ். கோபம் வந்தால் திட்டுவதும் தமிழ்தான். ஆனாலும் சபையில் என்னைப் பற்றிப் பேசும்போது நான் "பாண்டிக்காரி", தமிழ்நாட்டுக்காரி என்பதற்கு இளக்காரமான பெயர். "அந்தப் பாண்டிக்காரி புட்டு அவிக்கப் படிச்சாளா?" என்று என் காதுபடவே கேட்பார்கள். ஊருக்குப் போனால் அங்கே நான் "மலையாளத்தான் கூட ஓடினவ". ஜெயசிங்கின் பாட்டன் பூட்டன் பேசிய தமிழை யார் கணக்கில் எடுத்தார்கள்? இரண்டு பக்கத்துக்காரர்களும் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள்.

ஊரை விட்டு வரும்போது என் பையில் துணிமணி தவிர இருந்தது ஒரு கேமராதான். கல்யாணத்துக்கு முன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் படம் எடுக்க அங்கே ஒரு ஃபிலிம் கேமரா இருந்தது. ஆட்டோஃபோகஸ் உள்ள எஸ்.எல்.ஆர். டிஜிட்டல் வந்ததும் அதை மூலையில் போட்டுவிட்டார்கள். கேட்டேன், லென்ஸுகளோடு கொடுத்துவிட்டார்கள். கனமான கேமரா. தலையில் ஒரு சக்கரம், முழுக்க அதன் போக்கில் விடலாம், முழுக்க நம் கைக்கும் எடுத்துக்கொள்ளலாம். ரோலைப் போட்டு மூடினால் தானே இழுத்துச் சுற்றிக்கொள்ளும். கண்ணை வைத்துப் பார்க்கும்போது நடுவில் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அந்தக் கட்டம் எதன்மேல் விழுகிறதோ அதைத்தான் லென்ஸ் கூர்மையாகப் பிடிக்கும். பட்டனைப் பாதி அழுத்தினால் லென்ஸுக்குள் மோட்டார் ஓடி நிற்கும், பீப் என்று சத்தம் வரும், ஓரத்தில் பச்சை விளக்கு எரியும். விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டால் பிடித்ததை விடாது. அதன்பிறகு கேமராவை எந்தப் பக்கம் நகர்த்தி வேண்டுமானாலும் முழுக்க அழுத்தலாம். அந்தப் பாதி அழுத்தம் விரலுக்குப் பழக எனக்கு ஒரு முழு ரோல் ஆனது. பெயரில் ஆட்டோ இருப்பதால் எல்லாம் தானே நடந்துவிடும் என்று நினைப்பவன் கையில் அதைக் கொடுக்கக் கூடாது.

போன வருஷம் மழை தொடங்கும் சமயம் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அப்பா. கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசாத அப்பா. யாரோ ஒருவருடைய போனை வாங்கிப் பேசினார். "செல்வி, களியக்காவிளையில நிக்கேன். உன் வீட்டுக்கு எந்த பஸ்சுல ஏறணும்?" என்றார், தினமும் வந்துபோகிற ஆள் மாதிரி. நாகர்கோவிலில் கண்ணாஸ்பத்திரிக்குப் போவதாக அண்ணனிடம் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறார். நான் ஆட்டோ பிடித்து ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கிணற்றடியில் கை கால் கழுவினார். வேர்வையில் ஊறிப்போயிருந்த தோள் துண்டைத் தானே அலசி, முற்றத்தின் கடைசியில் ரப்பர் ஷீட் காயப்போடும் கயிற்றில் விரித்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அது அரக்குக் கரை போட்ட துண்டு. பீடி நெருப்பு விழுந்து ஓட்டையான மூலையை, அம்மா உயிரோடு இருந்தபோது, வேறு நூல் கிடைக்காமல் பச்சை நூலால் அடைத்துத் தைத்திருந்தாள். சர்க்கரைக்கு ஆகாது என்று தெரிந்தும் அப்பா மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஜெயசிங்கைப் பார்த்து, "மாப்பிள்ள, மழ இங்க நல்லா பெய்யுமோ?" என்றார். மாப்பிள்ளை என்ற அந்தச் சொல்லுக்காக நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

கிளம்பும் நேரத்தில் ஜெயசிங் போனை எடுத்தார். அப்பா கையை நீட்டித் தடுத்தார். "போன்ல வேண்டாம். அது ஊர் பூரா போயிரும். உன் அண்ணன் கண்ணுல பட்டா எனக்கு அங்க கஞ்சி கெடைக்காது" என்றார். அப்போதுதான் எனக்குக் கேமரா நினைவுக்கு வந்தது. "அப்பா, இது ஃபிலிம். யாருக்கும் போகாது. எங்கிட்டத்தான் இருக்கும்" என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு முற்றத்தில் இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார். மேகம் மூடியிருந்தது. வெளிச்சம் போதாததால் முகப்படத்துக்கான லென்ஸை மாட்டி, அதில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்தேன். அப்படி வைத்தால் எதைப் பிடிக்கிறோமோ அது மட்டும்தான் கூர்மையாக விழும், முன்னும் பின்னும் கலங்கிப் போகும். எனக்கு அது கைவந்த வேலை. ஆனால் அப்பா, "நீயும் வந்து நில்லு" என்றார்.

அங்கேதான் எட்வின் வந்தான். ஜெயசிங்கின் தம்பி. கல்யாண வீடியோ எடுக்கிறவன், டிரோன் எல்லாம் வைத்திருக்கிறான். என் கழுத்திலிருந்த கேமராவை அவனே கழற்றிக்கொண்டான். "நான் எடுக்கேன் மைனி. நீங்க அங்கோட்டு போய் நில்லுங்க." நான் சொன்னேன்: "எட்வின், நடுக் கட்டத்தை முதல்ல அப்பா முகத்துல வை. பாதி அழுத்து. பீப்னு கேக்கும். விரலை விடாம அப்புறமாத் திருப்பு." அவன் சிரித்தான். "இது ஆட்டோ அல்லியா மைனி? அது தன்னால எடுத்துக்கிடும்." "ஆட்டோவுக்கும் டிரைவர் வேணும் எட்வின்" என்றேன். "எனக்கத் தொழிலே இதாக்கும். நீங்க பேசாம நில்லுங்க" என்றான்.

நின்றோம். இத்தனை வருஷம் பேசாத அப்பாவும் மகளும் எப்படி நிற்பார்கள்? தோளோடு தோள் ஒட்டியா நிற்பார்கள்? நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நின்றோம். லென்ஸ் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது, பீப் கேட்டது, கூடவே கிளிக். "யார் முகத்துல வச்ச?" என்று கத்தினேன். "ரெண்டுபேருக்கும் நடுக்குத்தான்" என்றான் பெருமையாக. இன்னொன்று எடுக்கச் சொல்லி வாய் திறப்பதற்குள் வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. அப்பா, "நேரமாச்சு, வாரேன் தாயி" என்று நடந்துவிட்டார். துண்டு ஈரமாகக் கயிற்றிலேயே கிடந்ததை நான் கவனித்தபோது ஆட்டோ வளைவு திரும்பிவிட்டது. அதை எடுத்து என் அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

ரோலில் இன்னும் பாதிக்கு மேல் மீதி இருந்தது. இனி அப்பா வருவார், இன்னும் எடுக்கலாம் என்று அதை அப்படியே விட்டுவைத்தேன். அவர் வரவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அவர் இறந்துபோன செய்தி வந்தது. அதுவும் அண்ணன் சொல்லவில்லை, பழைய தோழி ஒருத்தி சொன்னாள். நானும் ஜெயசிங்கும் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மகன், மருமகள், பேரன்கள், சித்தப்பா மக்கள், அவர்களுடைய மக்கள் வரை பெயர் இருந்தது. மகள் என்று ஒருத்தி இல்லை. நாய்க்குட்டிக்குக்கூட அந்த ஃபிளெக்ஸில் இடம் கிடைத்திருக்கும்.

அண்ணன் பந்தலுக்கு வெளியே வந்து என்னை நிறுத்தினான். "கடைசி வரைக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. இப்ப எதுக்கு வந்த?" என்றான். "அப்பா எங்க வீட்டுக்கு வந்தாரு. சாப்பிட்டாரு. இவரை மாப்பிள்ளன்னு கூப்பிட்டாரு" என்றேன். "எங்க வந்தாரு? ஒரு தடவ நாகர்கோவில் கண்ணாஸ்பத்திரிக்குப் போனாரு, அதோட சரி. செத்தவரப் பத்திப் பொய் சொல்லாத." சுற்றி நின்ற சொந்தங்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தர் முகத்திலும் ஈரம் இல்லை. "போட்டோ இருக்கு" என்றேன். "கொண்டா பாப்போம்" என்றான். பெற்ற அப்பனுக்கு மகள் என்பதற்குச் சொந்த ஊரிலும் என்னிடம் ஆதாரம் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கேமராவை எடுத்தேன். ரோல் முடியும் முன்பே திருப்பிச் சுற்ற அடிப்பக்கத்தில் ஒரு பொடிப் பட்டன் உண்டு, பேனா முனையால்தான் அழுத்த முடியும். அழுத்தினேன். மோட்டார் கரகரவென்று ஓடி நின்றது. பக்கத்திலுள்ள நெய்யாற்றின்கரையில் இப்போது யாரும் ரோல் கழுவுவதில்லை என்பதால் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினேன். படம் மின்னஞ்சலில் வந்தது. நான் பயந்ததுதான் நடந்திருந்தது. இடதுபுறம் ஒரு வெள்ளைக் கலங்கல், அது அப்பா. வலதுபுறம் ஒரு மஞ்சள் கலங்கல், அது நான். கண் இல்லை, வாய் இல்லை. எங்களுக்கு நடுவே, முற்றத்தின் கடைசியில் தொங்கிய ரப்பர் ஷீட்டுகள் மட்டும், ரோலர் பதித்த வரி உட்பட, கத்தியால் கீறியது போலத் தெரிந்தன.

எட்வினைக் கூப்பிட்டேன். "பாரு எட்வின். இதுல தெளிவு இல்ல" என்றேன். அவன் படத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். "தெளிவா? என்னத்துக்கு மைனி தெளிவு? கேஸு வல்லதும் குடுக்கப் போறியளா?" என்றான். அவன் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், அவனுக்குத் தெளிவு என்றால் ஆதாரம்தான். நான் முகம் கலங்கியிருக்கிறது என்றுதான் சொன்னேன். அவன் தெரியாமல் சொன்னதுதான் சரியான அர்த்தமாக இருந்தது. அதற்காகவே அவனை அறைந்திருப்பேன். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நான் சொல்றத காதுல வாங்கியிருந்தா என்னல?" என்று கத்தினேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல்தடவையாக என் வாயில் 'ல' வந்தது. அவன் வெளியே போனான்.

இருந்தாலும் அந்தப் படத்தை மூட முடியவில்லை. ஷீட்டுகளைத் திட்டிக்கொண்டே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவற்றின் நடுவே அதைப் பார்த்தேன். அரக்குக் கரை. மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. அம்மாவின் தையல். எங்கள் முற்றத்தில், எங்கள் கயிற்றில், எங்கள் ரப்பர் ஷீட்டுகளுக்கு மத்தியில், அப்பாவின் துண்டு. எங்கள் முகங்களை விட்டுவிட்டு அந்தக் கேமரா பிடித்தது அதைத்தான்.

அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. சாயங்காலம் அவனே அழைத்தான். "அந்தத் துண்டு பஸ்ல தொலைஞ்சுபோச்சுன்னாரே" என்றான். மன்னிப்பு வரும் என்று காத்திருந்தேன். என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். "அம்மா தச்சதுல்ல அது. கூரியர்ல போட்டு விடு. அப்பா படத்துக்கு முன்னால வைக்கணும்" என்றான்.

ஃபிளெக்ஸில் என் பெயருக்கு இடம் இல்லை. ஆனால் என் வீட்டுக் கயிற்றில் காய்ந்த துண்டுக்கு அங்கே இடம் இருக்கிறது. "அதான் பஸ்ல தொலைஞ்சுபோச்சுல்ல, அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் காலையில் துண்டை எடுத்து அலசி, அதே கயிற்றில், ஷீட்டுகளுக்கு நடுவே விரித்தேன். கேமராவில் புது ரோல் போட்டு, எட்வின் நின்ற இடத்தில் போய் நின்றேன். நடுக் கட்டத்தைப் பச்சைத் தையலின் மேல் வைத்துப் பாதி அழுத்தினேன். பீப் கேட்டது, பச்சை விளக்கு எரிந்தது. இனி விரலை விடாமல் ஆள் நிற்கும் பக்கமாகத் திருப்ப வேண்டும். இடதுபுறம் திருப்பினேன், அங்கே யாரும் இல்லை. வலதுபுறம் திருப்பினேன், அங்கேயும் யாரும் இல்லை. பாதி அழுத்திய விரலை எடுக்கவும் தோன்றவில்லை, மீதியை அழுத்தவும் தோன்றவில்லை.