மாமன் மடியும் பச்சை முந்தானையும்

இரண்டாம் வகுப்பில் காது குத்தாத பெண் நான் ஒருத்திதான். போதாக்குறைக்கு முடியும் பாய்கட். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கம்பெனியில் ஷிஃப்டுக்கு ஓடிக்கொண்டிருந்த வீட்டில் எனக்குச் சடை பின்ன யாருக்கும் நேரமில்லை. அதனால் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்னை “தம்பி, உள்ள போ” என்பார். பானிபூரி வண்டிக்காரர் தம்பிக்குக் காரம் போடலாமா என்று அம்மாவைக் கேட்பார். ஓசூர் என்பதால் இதே அவமானம் எனக்குக் கன்னடத்திலும் தெலுங்கிலும் கிடைத்தது. நான் தம்பி இல்லை என்று கத்துவேன். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு ஜோடி கம்மல் போட்டுவிட்டால் உலகம் என்னை ஒழுங்காகக் கூப்பிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

கம்மலுக்குத் தடையாக இருந்தது தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காராமல் ஒரு குழந்தைக்கும் காது குத்த மாட்டார்கள். அம்மாவுக்கு உடன்பிறந்தது ஒன்றே ஒன்று. தளியில் இருந்த வீட்டைவிட்டு ஒரு நாள் சொல்லாமல் போனபோது அது தம்பி. நான் பிறந்து, பேசி, பள்ளிக்கூடமும் சேர்ந்த பிறகு ஓசூருக்குத் திரும்பி வந்தபோது தங்கை. அதற்குள் அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உடன்பிறப்பின் மடியில்தான் என் மகளுக்குக் காது குத்துவேன் என்று அம்மா குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு, ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை வயதையெல்லாம் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். ஏழைத் தாண்டக் கூடாது என்று அப்பா வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

சின்னம்மா முதல் முறை எங்கள் வாடகை வீட்டுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பச்சைப் புடவை, தோளில் கைப்பை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. இவங்கதான் உன் சின்னம்மா, திருநங்கை என்று அம்மா எனக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் கேட்டதற்கு, பிறக்கும்போது எல்லோரும் பையன் என்று தப்பாக நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்றாள். இது எனக்கு உடனே விளங்கியது. என்னையும்தான் தினம் தினம் அப்படி நினைத்தார்கள்.

ஆனால் டிவி எனக்கு வேறு பாடம் நடத்தியிருந்தது. காமெடி சேனலில் அப்படிப்பட்டவர்கள் வந்தால் கையைத் தட்டுவார்கள், இடுப்பை ஆட்டுவார்கள், ஹீரோவின் நண்பன் அலறிக்கொண்டு ஓடுவான், அப்பா வயிறு குலுங்கச் சிரிப்பார். அதனால் சின்னம்மா உட்கார்ந்து காபி குடித்து முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தேன். பிறகு, எப்போது கை தட்டுவீர்கள் என்று கேட்டுவிட்டேன். அம்மாவின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்தது. அப்பா ரிமோட்டைத் தேடி எழுந்தார். டிவி அணைந்துதான் இருந்தது.

சின்னம்மா என்னை அருகில் இழுத்துக்கொண்டாள். “நான் பேக்கிங் செக்‌ஷன்ல வேல செய்றன் பாப்பா. அங்க கை தட்டிகினு இருந்தா பெட்டிய யாரு ஒட்டுறது?”

பதில் நியாயமாக இருந்தது. அன்றைக்கே நாங்கள் சிநேகிதமாகிவிட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாகலூர் பஸ்ஸில் கண்டக்டர் வழக்கம்போல் என்னைத் தம்பி என்றபோது சின்னம்மா சிரிக்கவில்லை. “தம்பி இல்லண்ணா, பாப்பா” என்று திருத்தினாள். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது மறந்துபோய் மறுபடியும் தம்பி என்றார். சின்னம்மா மறுபடியும் திருத்தினாள். என் கோபத்தை அவள் அளவுக்கு மதித்தவர்கள் அந்த வயதில் யாருமில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் அவருடைய தொல்லை. கல்யாணமானதிலிருந்து மாப்பிள்ளை என்று கூப்பிட்ட வாய். அதனால் ஒரு வருடம் முழுக்க யாரையும் குறிப்பிடாமலே பேசிச் சமாளித்தார். வந்தாச்சா, சாப்ட்டாச்சா, பஸ் கிடைச்சுதா. சின்னம்மாவும் வந்தாச்சு மாமா, ஆச்சு மாமா என்று அதே அளவில் பதில் சொல்லிவிடுவாள். இருவருக்கும் இடையில் அது ஒரு மரியாதையான ஏற்பாடாக ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஏழு நடக்கும்போது நாகரசம்பட்டியிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். மாந்தோப்பு வைத்திருப்பவர். குலதெய்வம் கோயிலும் அவர் தோப்பை ஒட்டித்தான் இருந்தது. தூரத்து உறவில் ஒரு பையன் இருக்கிறான், மாமன் முறைதான், அவன் மடியில் உட்கார வைத்து முடித்துவிடலாம் என்றார். அம்மா முடியாது என்று தலையாட்டினாள். பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இன்னொரு வழி சொன்னார்.

“சரி, அதையே வரச் சொல்லு. ஒரே ஒரு நாளு. வேட்டி சட்ட போட்டுகினு மாமனா வந்து உக்காந்தா போதும். ஊரு வாயத் தொறக்காது.”

அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியப்பாவுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அப்பாவுக்கு நிம்மதியாகிவிட்டது. அன்று மாலை சின்னம்மா வந்ததும் அம்மா சமையலறையில் வைத்துச் சொன்னாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்த சின்னம்மா கையை நிறுத்தவில்லை. பத்து வருடமாக ஒரு விசேஷத்துக்கும் யாரும் தன்னைக் கூப்பிடவில்லை, பாப்பாவுக்காக ஒரு நாள் போட்டுக்கொள்கிறேன் என்றாள். சொல்லிவிட்டு, உரித்த பூண்டையே மறுபடியும் உரித்தாள். எனக்குக் கம்மல் உறுதியாகிவிட்ட சந்தோஷத்தில் மற்றதெல்லாம் காதில் விழவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா எனக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். ஊசி வரும்போது பயமாக இருக்கும், அப்போது சின்னம்மாவின் முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டால் வலியே தெரியாது என்றாள். ஒத்திகையும் பார்த்தோம். நான் சின்னம்மா மடியில் ஏறி உட்காருவேன். அம்மா துடைப்பக் குச்சியை ஊசி மாதிரி பிடித்துக்கொண்டு ஆசாரியாக நடந்து வருவாள். நான் பச்சை முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வேன். உள்ளே எல்லாம் பச்சையாக, பவுடர் வாசனையோடு இருக்கும். சின்னம்மா சிரிப்பாள். முந்தானை இல்லாமல் குத்தினால் எப்படி வலிக்கும் என்று அம்மா கண்ணை உருட்டி விவரிப்பாள். அதைக் கேட்டு நான் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். வாரக் கணக்கில் இது நடந்தது.

காதுகுத்து அன்று காலையில் கிருஷ்ணகிரி பஸ்ஸில் போனோம். சின்னம்மா சுடிதாரில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் அம்மா என் காதருகே குனிந்து, முந்தானை இல்லாமல் குத்திக்கொள்ளக் கூடாது, தெரியுமில்லையா என்று இன்னொரு முறை நினைவுபடுத்தினாள். தெரியும் என்று தலையாட்டினேன்.

தோப்பு வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நடுவில் நான். ஓரத்தில், தாய்மாமன் என்று போட்டு, கீழே யாரோ ஒருவரின் படம். சின்னம்மா பள்ளிக்கூடம் முடித்த காலத்துப் படமாம் அது. மாமன் என்றால் சற்று மிடுக்காக இருக்கட்டும் என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரிலேயே ஒரு முறுக்கு மீசையும் வைத்துக் கொடுத்திருந்தார். சின்னம்மா அதன் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“யாருக்கா இவரு? நல்லாத்தான் இருக்காரு” என்றாள் அம்மாவிடம். அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த துணிப்பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

என்னை மொட்டையடிக்கக் கூட்டிப் போனார்கள். தலை முழுக்கச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பெரியப்பா தூக்கிக்கொண்டு வந்து கோயில் முன்னால் இறக்கினார். மணையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கஞ்சி விறைப்பு மாறாத வெள்ளை வேட்டி, சட்டை, நீள முடியை மறைத்துக் கட்டிய உருமால். முகம் மட்டும் சின்னம்மாவுடையது. கையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். வேடிக்கை பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கூட்டம் முழுக்க அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. எனக்குப் பெரிய சிந்தனையெல்லாம் ஒன்றுமில்லை. ஆசாரியின் கையில் ஊசியைப் பார்த்துவிட்டேன். ஒளிந்துகொள்ள வேண்டியதை மடியில் தேடினேன். காணோம்.

“முந்தான எங்க?” என்று கேட்டேன்.

மேளச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மொத்தத் தோப்புக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். “சின்னம்மா, உன் முந்தான எங்க?”

மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து, இதால் மூடிக்கொள் என்று நீட்டினார். வியர்வை நாறிய அந்தத் துண்டை வாங்கித் தரையில் வீசினேன். தரையில் விழுந்து புரண்டேன். சந்தனமெல்லாம் மண்ணாயிற்று. அப்பா ஓடிவந்து தூக்கப் பார்த்தார். அவர் கையைக் கடித்தேன். நல்ல நேரம் முடிய இன்னும் கால் மணிதான் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மணையில் இருந்த சின்னம்மா எழுந்திருக்கவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா அவசரப்படவில்லை. துணிப்பையைத் திறந்து பச்சைப் புடவையை வெளியே எடுத்தாள்.

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆசாரி முந்திக்கொண்டார். அவருக்கு அன்று காவேரிப்பட்டணத்தில் இன்னொரு காதுகுத்து இருந்தது.

“கொழந்த கேக்குது இல்ல? சட்டுனு கட்டிகினு வாம்மா. நேரம் போவுது.”

அந்த ஊரில் சின்னம்மாவை அம்மா என்று முதலில் கூப்பிட்டது அவர்தான். பெரியப்பா வாயை மூடிக்கொண்டு, துண்டைப் பொறுக்கி உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சின்னம்மா கோயிலுக்குப் பின்னால் இருந்த மோட்டார் ரூமுக்குள் போனாள். அம்மா என்னைத் தூக்கி நிறுத்தி அதன் வாசலுக்குக் கூட்டிப் போனாள். திரும்பி வந்தபோது சின்னம்மா அவிழ்த்துவிட்ட முடியைப் பின்னியிருந்தாள். தலையில் பூ இருந்தது. கூட்டம் தானாக வழிவிட்டது. அப்பா என்னிடம் குனிந்து, “போ, உங்க சின்னம்மா மடியில உக்காரு” என்றார். ஒரு வருட ஏற்பாடு அன்றோடு முடிந்தது.

நான் ஓடிப்போய் மடியில் ஏறி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். ஆசாரி காதை மட்டும் வெளியே எடுத்துக் குத்தினார். அம்மா ஏமாற்றிவிட்டாள், நன்றாகவே வலித்தது. நான் அழுதேன். ஆனால் என்னைவிட அதிகமாகச் சின்னம்மா அழுதாள். என்னைக் கட்டிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, இரண்டாவது காது குத்தி முடிந்த பிறகும் அழுதாள். ஊசி குத்தியது எனக்கு, இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்குச் சற்று எரிச்சல்கூட வந்தது.

குழந்தை வாயில் குலதெய்வமே வந்து கேட்டுவிட்டது என்று பூசாரி சொன்னார். அதற்குப் பிறகு பெரியப்பாவாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பந்தியில் சின்னம்மாவுக்கு அப்பாதான் இலை போட்டார். பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டே வந்த பெரியப்பா சின்னம்மா இலையருகே வந்ததும் தயங்கி நின்று, பாயசம் வந்ததா என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று சொல்ல முடியாதபடிதான் கேட்டார். வந்தது என்று சின்னம்மா சொன்னாள். அந்த வருடம் மாங்காய் சீசனில் போனபோது, தோப்பில் குவித்திருந்த மாங்காய்க் குவியலை அந்த ஃப்ளெக்ஸால் மூடியிருந்தார்கள். மீசைப் பக்கம் மண்ணைப் பார்த்துக் கிடந்தது.

இன்றைக்கும் சொந்தத்தில் யாராவது என்னைப் பார்த்தால் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஏழு வயதில் என்ன ஞானம் என்று மெச்சுகிறார்கள். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்கிறேன். எனக்குத் தெரியும், எனக்கு இருந்தது ஊசி பயம் மட்டும்தான்.

மோட்டார் ரூம் வாசலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மொட்டைத் தலையோடு நான் காத்திருந்தது மட்டும் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கதவு சற்றே திறக்கும். உள்ளேயிருந்து ஒரு கை நீளும். அம்மா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இஸ்திரி போட்டு மடித்த பச்சை ரவிக்கை. பாவாடை. ஒரு அட்டை நிறைய ஊக்கு. சீப்பு, பவுடர், பொட்டு. கடைசியாக, ஈர வாழையிலையில் சுற்றி, வாடாமல் வைத்திருந்த இரண்டு முழம் மல்லிகை. ஒரு குழந்தை திடீரென்று அடம் பிடிக்கப்போவது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று நான் யோசிக்கவே இல்லை. எங்கம்மா பையில் எப்போதும் எல்லாம் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.