மணி அடித்த மூடி

மருந்து பாட்டில்களுக்கு மூடி வார்க்கும் தொழிற்சாலையில் அவளுக்கு ‘ரிஜெக்ட் அக்கா’ என்றுதான் பெயர். அச்சு இயந்திரம் துப்புகிற மூடிகளில் கோணல், இறுக்கம், நசுங்கல் என்று சொத்தைகளைப் பொறுக்கி ஒதுக்குவது அவள் வேலை. பதினெட்டு வருடமாக அதையே செய்ததில், விரலால் ஒரு சுற்று தடவினாலே மூடியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள்.

ஒருநாள் மூட்டை மூட்டையாகச் சொத்தை மூடிகள் அரைக்கப் போவதைப் பார்த்தபோது மனதில் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. பாட்டிலுக்குப் பொருந்தாதது உலகத்தில் வேறு எதற்குமா பொருந்தாது?

ஃபோர்மேனிடம் கேட்டு ஒரு பை மூடியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சமையலறை மேசையில் ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தைப் படுக்கப் போட்டாள். அதன் மேல் குடைக்காம்பு, திரைச்சீலைக் கம்பி, குழாய்த்துண்டு, உடைந்த நாற்காலியின் கால் என்று பன்னிரண்டு சாமான்களை நட்டு வைத்தாள். சக்கரம் சுற்றச் சுற்ற, மேலே பொருத்திய ஓர் இரும்புக் கை மூடியை ஒவ்வொன்றின் தலையிலும் அமுக்கிப் பார்க்கும். எதையாவது மூடி கவ்விக்கொண்டால் சைக்கிள் மணி அடிக்கும்.

முதல் ஓட்டத்தில் மணிக்கு வேலையே இல்லை. சக்கரத்தைச் சுற்ற அவள் மாட்டியிருந்த பழைய ஃபேன் மோட்டார் எடுத்த வேகத்தில் மூடிகள் நாலாபக்கமும் பறந்தன. ஒன்று கணவரின் டீயில் விழுந்தது. பஸ் பணிமனை மெக்கானிக்கான அவர் மூடியை எடுத்துப்போட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்தார்.

“இதுக்கு பஸ் கண்ணாடி துடைக்கிற வைப்பர் மோட்டார்தான் சரி. மெதுவா போகும், ஆனா பிடிச்சா விடாது” என்றார். பணிமனையில் கேட்டு, கழித்துப்போட்ட ஒன்றை மறுநாளே வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். நாற்பத்தோரு மூடி போயும் மணி வாயைத் திறக்கவில்லை. அடுத்தது நாற்காலிக் காலில் உட்கார்ந்ததும் டிங் என்றது. இருவரும் மாறி மாறி இழுத்தும் அது கழன்று வரவில்லை. அவளுக்குக் கை பரபரத்தது. அதே ரகத்தில் நாலைத் தேடியெடுத்துச் சமையலறை நாற்காலிக்கு மாட்டி, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் இழுத்தாள். துளி சத்தமில்லை.

சற்று நேரத்தில் கீழ்வீட்டு நர்ஸ் தூக்கக் கலக்கத்தோடு படியேறி வந்தாள். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவள்; நாற்காலி கிறீச்சிடுகிறது என்று வாரம் ஒருமுறையாவது சண்டைக்கு வருவாள்.

“என்னக்கா, எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல? சத்தமே இல்லையேன்னு பயந்து வந்தேன்.”

விஷயம் தெரிந்ததும் அவள் தூக்கம் பறந்தது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் இதே மாதிரி முந்நூறு இரும்பு நாற்காலிகள் நாளெல்லாம் அலறுகின்றன என்றாள். எட்டு மூடியைக் கையோடு கொண்டுபோனாள். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆயிரத்து இருநூறு மூடி கேட்டு ஆள் வந்துவிட்டது.

அங்கேதான் சிக்கல். சொத்தைகளில், நாற்காலிக் காலைக் கவ்வும் அந்த இறுக்கமான ரகம் நூறுகூடத் தேறவில்லை. சரி, வார்த்துவிடலாம் என்று ஃபோர்மேன் காலையிலிருந்து மல்லுக்கட்டினார். வந்த மூடியெல்லாம் பாட்டிலுக்கு அம்சமாகப் பொருந்தின.

“இத்தனை வருஷமா வராதே வராதேன்னு விரட்டின தப்புக்கா. இப்ப வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சாலும் வர மாட்டேங்குது.”

அவள் கண்ணை மூடி யோசித்தாள். இறுக்கமான மூடிகள் எப்போது வரும்? மூன்று மணிக்கு மேல், வெயிலில் மாடித் தண்ணீர்த்தொட்டி சூடான பிறகு. அச்சைக் குளிர்விப்பது அந்தத் தண்ணீர்தான். மூடி சரியாக ஆறாமல் வெளியே வந்து சுருங்கியிருக்க வேண்டும்.

“தண்ணிக் குழாயைப் பாதி மூடிப் பாருங்க” என்றாள்.

ஃபோர்மேன் தயங்கித் தயங்கித் திருகினார். முதல் மூடி நல்லது. இரண்டாவதும் நல்லது. ஏழாவதை அவள் விரலால் தடவினாள்; சிரிப்பை அடக்க முடியவில்லை.

“வந்துடுச்சு.”

ஆயிரத்து இருநூறும் மறுநாள் மதியத்துக்குள் தயார். அவள் கண்டுபிடித்த சக்கரம் இப்போது தொழிற்சாலையில், அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது. சாப்பாட்டு வேளையில் அதன் முன்னால் வரிசை நிற்கிறது: மூடி தொலைந்த டார்ச்சோடு ஒருவர், முனை போன குடையோடு ஒருவர். போன வாரம் ஃபோர்மேனே ஒரு ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றார்.